காரணம் எழுதக் கட்டம் இல்லை

அட்டையை விரித்து என் ரிப்பேர் மேசை மேலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று பக்கம் மறைப்பு, நாலாவது பக்கம் நான். பத்து நிமிடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் ஒரு மிக்ஸி வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. இப்போது அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு வாக்குச்சாவடி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரெல்லாம் அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து வரிசையில் வெயிலில் நின்று போடப்போகிற ஓட்டை எனக்கு மட்டும் வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாதவன், அறுபது சதவீத ஊனம் என்று சர்ட்டிபிகேட் வைத்திருப்பவன், அதனால் இந்த மரியாதை. "உங்க ஓட்டு ரகசியம் சார். அவசரமே இல்ல, நிதானமாப் போடுங்க. பிடிச்ச பேருக்கு நேரா ஒரு டிக், அவ்வளவுதான். உங்க பேரு, கையெழுத்து எதுவும் இந்தத் தாள்ல விழக்கூடாது. விழுந்தா செல்லாமப் போயிரும்," என்றார் ஹேமலதா மேடம். இதே குரல்தான் தாலுகா ஆபீசில் பென்ஷன் பிரிவில் உட்கார்ந்துகொண்டு "குருவையா, ஆதார் ஜெராக்ஸ் எங்கே" என்று அதட்டும். இன்றைக்குத் தேர்தல் வேலையாக வந்திருப்பதால் எனக்கு சார் பட்டம் கிடைத்திருக்கிறது. அட்டைக்கு அந்தப் பக்கம் மேடம், ஒரு போலீஸ்காரர், தோளில் கேமராவோடு ஒரு வீடியோகாரர். வாசல் நிலையில் சாய்ந்தபடி முனியராஜ், ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர், கட்சி ஏஜெண்டாகக் கூட வந்திருக்கிறான். மற்ற கட்சிக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து வரவில்லை போல. அடுப்படியில் என் மனைவி சண்முகக்கனி வந்தவர்களுக்கு மோர் கலக்குகிற சத்தம். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு எனக்கென்று ஒரு தனிமை. ஐம்பத்து நாலு வயதில் இவ்வளவு மரியாதையான தனிமை எனக்கு வாய்த்ததே இல்லை, இதை உடனே முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. தாளில் பதினோரு பேர். அதில் எனக்கு விஷயம் இரண்டு பேருக்கு நடுவில்தான்.

முனியராஜ் செருமுகிறான். அவன் செருமல் எனக்கு நன்றாகத் தெரியும், பீடி குடிக்க முடியாத இடத்தில் நின்றால் வருகிற செருமல். ஆனால் இன்றைக்கு அதையே என் காது வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது, அண்ணே ஞாபகம் இருக்குல்ல என்று. ஞாபகம் இல்லாமல் என்ன, இரண்டு வருடமாக வேறு ஞாபகமே இல்லை. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் சேர்த்து அரசாங்கம் என்னைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிற பெட்ரோல் ஸ்கூட்டர். மனுப் போட்டது நான், அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறது அவன். "ஃபைல் மேல இருக்குண்ணே. எலெக்‌ஷன் முடியட்டும், முதல் வேலை அதுதான்," என்று நேற்றும் சொன்னான், முந்தாநாளும் சொன்னான். மிரட்டல் இல்லை, மிரட்டுகிற ஆளும் இல்லை. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் எந்த ஃபைலும் நகராது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த 'முடியட்டும்' மட்டும் சோற்றில் கல் மாதிரி பல்லில் இடறுகிறது. ஸ்கூட்டர் வந்தால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. பஜாருக்கு நானே போய் மிக்ஸிக்குப் போடுகிற கப்ளரும் மோட்டார் பிரஷும் பார்த்து வாங்குவேன். கனியை அனுப்பினால் கடைக்காரன் எதை எடுத்துக் கொடுக்கிறானோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறாள், திரும்ப அனுப்பினால் திட்டுகிறாள், திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. அப்புறம் கண்மாய்க்கரை. தண்ணீர் நிறைந்திருக்கிறதா, வற்றிவிட்டதா என்று அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளாமல் நானே போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஆனால் தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் வெட்கமாக இருக்கிறது. அவன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். சர்க்கரையில் கால் கருத்துப்போன அன்றைக்கு மத்தியானம் ஆட்டோ இந்தச் சந்துக்குள் வராது என்றதும் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தவன் அவன்தான். அரசாங்கக் காப்பீட்டுக் கார்டுக்கு சீல் வாங்க மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நின்றவனும் அவன்தான். அந்தக் கார்டில்தான் காலை எடுத்தார்கள், உயிரைக் கொடுத்தார்கள். அவன் சட்டையில் என் கால் சீழ் பட்டது. அதை அவன் ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை.

ஓட்டுக்கும் வாங்கின பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் பல வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அரசாங்கம் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அதற்கு முன்னால் வேறொரு அரசாங்கம் கொடுத்த டிவி, இந்த வட்டாரத்தில் எது நின்றுபோனாலும் இந்த மேசைக்குத்தான் வரும். முகப்பில் கொடுத்தவருடைய படம் இருக்கும். பொருள் கையில் வந்ததும் நான் முதலில் பார்க்கிறது சுவிட்சை இல்லை, படத்தைத்தான். சிலர் பிளேடு வைத்துச் சுரண்டியிருப்பார்கள். சிலர் கிழியாமல் இருக்க மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். சுரண்டினவர் எதிர்க்கட்சி, ஒட்டினவர் ஆளுங்கட்சி என்று ஆரம்பத்தில் சுலபமாக முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே மெதுவாக வாயைப் பிடுங்க ஆரம்பித்ததும் என் முடிவெல்லாம் நாறிப்போனது. முறுக்கு விற்கிற சோலையம்மாள் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைப்பாள். ஓட்டை மட்டும் எதிர்ப்பக்கம் போட்டிருந்தாள். என்னக்கா இது அநியாயம் என்றேன். "குடுத்ததுக்குத்தான் கும்புட்டாச்சேப்பா. கும்புடு வேற, ஓட்டு வேற," என்றாள், ரொம்பச் சாதாரணமாக. தையல் கடை அன்சாரி படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அவர்களுக்கே போட்டிருந்தார். "மூஞ்சி பிடிக்கலை, மிக்ஸி நல்லா ஓடுது," என்றார். ஒருத்தர் மிக்ஸி கிடைக்காத கோபத்தில் மாற்றிப் போட்டார், இன்னொருத்தர் கிடைத்த மிக்ஸி ஒரே மாதத்தில் புகைந்த கோபத்தில் மாற்றிப் போட்டார். மோட்டாரில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். மனுசனுக்குள் வைக்க ஒரு மீட்டர் இருந்தால் இந்த ஆராய்ச்சியை நான் என்றைக்கோ முடித்திருப்பேன். ஒன்று மட்டும் கவனித்தேன். யாரைக் கேட்டாலும், அடுத்த வீட்டுக்காரர் வாங்கினதுக்காகப் போட்டார் என்றும் தான் யோசித்துப் போட்டதாகவும்தான் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டால் அவரும் அப்படியே சொல்வார். அப்படியென்றால் வாங்கினதுக்காகப் போட்ட அந்த ஆள் எந்தத் தெருவில்தான் இருக்கிறான்.

ஊரையெல்லாம் கழற்றிப் பார்த்தேன், சொந்த வீட்டில் ஸ்க்ரூ நகரவில்லை. சண்முகக்கனிக்கு மாதா மாதம் பெண்களுக்கான உரிமைப் பணம் வருகிறது. போனில் மெசேஜ் சத்தம் கேட்டதும் ஒரு சின்னச் சிரிப்பு வரும், உடனே போனைக் குப்புறக் கவிழ்த்துவிடுவாள். போன தேர்தலில் யாருக்குப் போட்டாய் என்று எத்தனை விதமாகக் கேட்டும் பெயரவில்லை. ஒருநாள் இந்தப் பணம் வருவதால் அவர்களுக்குத்தான் போடுவாயா என்று நேராகவே கேட்டேன். முறைத்தாள். "இருபத்தாறு வருசமா உங்களுக்குப் பொங்கிப் போடுறேன், துவைக்கிறேன், உங்க அப்பாவுக்கு மலம் அள்ளினேன். அதுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுத்தான்? இப்பத்தான் ஒருத்தன் குடுக்குறான். குடுக்க வேண்டியதக் குடுக்குறவனுக்கு எதுக்குங்க நன்றி சொல்லணும்?" என்றாள். சரி, அப்படியென்றால் போடமாட்டாயா என்றேன். "போடமாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளோடு படுத்து எழுந்தவனுக்கே அவள் ஓட்டுத் தெரியவில்லை, டிவியில் உட்கார்ந்து இத்தனை லட்சம் பெண்கள் இதற்காகத்தான் போட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு எப்படித் தெரிகிறதோ. மோர் தம்ளர்கள் தட்டில் கிணுகிணுக்கின்றன. அவள் வெளியே வந்துவிட்டாள், மேடத்துக்குக் கொடுக்கிறாள், முனியராஜுக்குக் கொடுக்கிறாள். "உப்புக் கூடிருச்சாப்பா?" "இல்லக்கா, நல்லாயிருக்கு." அவன் இந்த வீட்டில் மோர் குடிப்பது நூறாவது தடவையாக இருக்கும்.

என்னை நானே சோதித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. இதைவிட்டால் இப்படி ஒரு இடமும் நேரமும் கிடைக்காது. எங்கள் வீட்டின் சொந்தக்காரர் சங்கரநாராயணன் சார், கருவூலத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், சாயந்திரம் ஜன்னலுக்கு வெளியே நின்று அடிக்கடி சொல்வார், "இலவசம் வாங்கிப் பழகின ஜனம் எப்படிப்பா சொந்தப் புத்தியில ஓட்டுப் போடும்?" என்று. அவருக்கு அகவிலைப்படியை நிறுத்தி வைத்த வருடம் அந்த அரசாங்கத்தைக் குடும்பத்தோடு போய்த் தோற்கடித்துவிட்டு வந்தார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். அது எந்தப் புத்தி சார் என்றால், "அது உரிமைப்பா," என்பார். இருக்கட்டும், அவர் கேள்வி நல்ல கேள்விதான். எதுவுமே வாங்காத குருவையா யாருக்குப் போடுவான்? மிக்ஸியில் எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்ப்போமே, அப்படி. முதலில் ஸ்கூட்டரைக் கழற்றினேன், இன்னும் வராதது, சுலபமாக வந்துவிட்டது. மாதாந்திர உதவித்தொகையைக் கழற்றினேன், கொஞ்சம் வலித்தது. ரேஷன் அரிசியைக் கழற்றினேன், பையன் இல்லாத வீட்டில் என் மகள் படிக்கக் கிடைத்த லேப்டாப்பைக் கழற்றினேன், அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் இல்லாததைக் கழற்றினேன். காப்பீட்டுக் கார்டைக் கழற்றியபோது கைதான் தயங்கியது, அதைக் கழற்றினால் அந்தக் கால் விஷம் மேலே ஏறியிருக்கும். பரவாயில்லை, சோதனைதானே என்று அதையும் கழற்றினேன். அப்புறம் இன்னும் கீழே ஐடிஐயில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்த ஒயரிங், அதற்கும் கீழே பள்ளிக்கூடத்து மதிய உணவுச் சோறு, அந்தச் சோற்றுக்காகத்தான் எங்கள் அம்மா என்னை ஆடு மேய்க்க விடாமல் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பேனாவைப் பிடிக்க ஆள் இல்லை. சொந்தப் புத்தியில் ஓட்டுப் போடப்போகிற அந்த குருவையா ஆறு வயதிலோ ஐம்பது வயதிலோ செத்துப்போயிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. செத்தவனிடம் போய் யாருக்குப் போடுவாய் என்று கேட்கச் சொல்கிறாரே சார்.

"ஏதாவது சந்தேகமா சார்?" என்று மேடம் கேட்டார். இல்லம்மா, பேரெல்லாம் படிச்சுட்டு இருக்கேன் என்றேன். படிக்க என்ன இருக்கிறது, இரண்டாவது வரியில் முனியராஜ் கட்சியின் எம்.எல்.ஏ., நாலாவது வரியில் அவரை எதிர்த்து நிற்கிற வக்கீல் மகேஸ்வரி. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பத்துக்குப் பத்து கடை வைத்திருந்தேன். ரோட்டை அகலப்படுத்த நாற்பது கடையை எடுத்தார்கள். ரோடு வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆறே மாதத்தில் புதுக் கட்டடத்தில் உங்கள் நாற்பது பேருக்கும் கடை என்று எம்.எல்.ஏ. எங்கள் முன்னால் நின்று, என் தோளில் கை வைத்துச் சொன்னார். கட்டடம் வந்தது, ஏலம் வந்தது, யார் யாரோ வந்தார்கள். அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஐந்து வருடமாக எங்களுக்காகக் கோர்ட்டில் காசு வாங்காமல் நின்றது இந்தப் பெண்தான். தோற்ற அன்றைக்கு எங்களோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதது. எனக்குப் பென்ஷன் தேவையாக இருக்கிறது, ஆனால் கடை இருந்திருந்தால் இந்த அளவுக்குத் தேவையாக இருந்திருக்காது. இதை நினைத்ததும் உள்ளே ஒரு பொறி தட்டினது. கொடுத்ததை மட்டும் கழற்றினேனே, எடுத்ததை யார் கழற்றுவது? கோளாறு என்று ஒரு கட்டம், காரணம் என்று ஒரு கட்டம், நான் மிக்ஸியில் கட்டித் தொங்கவிடுகிற சீட்டில்கூட இரண்டு கட்டம் உண்டு. இந்தத் தாளில் ஒரே கட்டம். ஸ்கூட்டருக்காகப் போட்டேனா, காலுக்காகப் போட்டேனா, கடைக்காகப் போடவில்லையா, எதையும் எழுத இடமில்லை. எல்லாக் காரணமும் கடைசியில் ஒரே மாதிரி டிக்காக ஆகிவிடும். சரி, ஆகட்டும். நாலாவது வரிக்கு நேராக டிக் போட்டேன். போட்டதும் ஒரு பெரிய மூச்சு வந்தது, வேலை முடிந்தது என்று உடம்பெல்லாம் தளர்ந்தது.

தாளை மடிக்கப் போகும்போதுதான் பார்த்தேன். டிக்குக்குப் பக்கத்தில் 'கு' என்று எழுதி, கீழே கோடு போட்டு, இன்றைய தேதியும் போட்டிருந்தது. என் கையெழுத்துதான். ஒரு பொருளைச் சரிசெய்து மூடியதும் அடிப்பக்கத்தில் கு என்று எழுதித் தேதி போடுவது இருபத்தெட்டு வருடப் பழக்கம், மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தால் நான் பொறுப்பு என்பதற்காக. மூச்சு விட்டேனே, வேலை முடிந்தது என்று, அந்த மூச்சோடு கையும் தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது. இதே மேசை, இதே பேனா பிடி, அதற்கு என்ன தெரியும் இது மிக்ஸி இல்லை என்று. செல்லாது. வேறு தாள் கேட்க வேண்டும். கேட்டால் கெட்ட தாளை மேடத்திடம் காட்ட வேண்டும், மேடத்துக்கு இரண்டு முழம் தள்ளி முனியராஜ் நிற்கிறான். காட்டாமல் மடித்து உறையில் போட்டுவிட்டால்? யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு ஹாலில் யாரோ பிரித்துப் பார்த்து, எவனோ ஒரு கிறுக்கன் என்று சொல்லிச் செல்லாத ஓட்டுகளோடு சேர்த்துக் கட்டிவைப்பார்கள். இங்கே முனியராஜ் நான் அவன் கட்சிக்குத்தான் போட்டேன் என்று நம்புவான், ஃபைல் நகரும், வண்டி வரும். என் மனசாட்சிக்கும் குறையில்லை, நாலாவது வரியில்தானே டிக் போட்டேன், கை தவறினதற்கு நான் என்ன செய்வேன். இரண்டு பக்கமும் நல்லவனாக இருக்கலாம், செலவு ஒரே ஒரு ஓட்டு. அந்த ஏற்பாடு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டே இருந்தவன் திடுக்கிட்டுப் போனேன். இத்தனை வருடமாக நான் தேடினது இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறது. வாங்கின பொருள் டிக் போடுகிற கையைப் பிடிக்கவில்லை, கை சுதந்திரமாகத்தான் போட்டது. போட்டது எண்ணிக்கைக்கு வராமல் போனாலும் பரவாயில்லை என்று காதில் சொல்கிறதே, அதுதான் அதன் வேலை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனால் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தவனுடைய குஷியும் கூடவே இருந்தது, அதை மறைத்து என்ன.

"அம்மா, தாள் கெட்டுப்போச்சு. பழக்கதோசத்துல எழுத்துப் போட்டுட்டேன். வேற தாள் வேணும்," என்றேன். சொன்னது நானா என்று இருந்தது. "அய்யோ, அவ்வளவு தூரம் சொன்னேனே சார்," என்று மேடம் எழுந்து வந்தார். "காட்டுங்க, பாத்தாத்தான் ரத்து பண்ண முடியும்." கொடுத்தேன். சந்து வீட்டில் மத்தியானத்திலும் இருட்டுதான், அவர் தாளை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அதைச் சூதில்லாமல்தான் செய்தார், கண்ணாடியை மறந்து வந்தவர். தாளும் முனியராஜும் நேருக்கு நேர். அவன் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை. கையில் மோர் தம்ளரோடு, பஸ் கிளம்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி நின்றான். வீடியோகாரர், ரத்து செய்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேமராவைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஏப்பா, கேமராவ அங்கிட்டுத் திருப்பு," என்றான் முனியராஜ், சத்தமில்லாமல். "இல்லண்ணே, ரெக்கார்டு ஆகணும்." "தாள மடிச்சுக் கையில வெச்சிருக்கத எடுத்துக்க. உள்ள இருக்கிறத எடுக்காத. அவரு ஓட்டு அவருக்கு." மேடமும் அப்போதுதான் சுதாரித்துத் தாளை மடித்தார். முனியராஜ் தம்ளரைக் கனி கையில் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்க்கத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். என்னைத் தூக்கிக்கொண்டு போன முதுகு என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டேன்.

பழைய தாளில் ரத்து என்று எழுதி, உறுதிமொழிப் படிவத்தில் நம்பரை அடித்து மாற்றி, என்னிடம் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கி, "இதுதான் சார் கடைசித் தாள், தயவுசெஞ்சு," என்று மேடம் புதுத் தாளைக் கொடுத்தார். மறுபடியும் அட்டை, மறுபடியும் பதினோரு பேர். ஒரு நொடி வேலை, நாலாவது வரி, முடிந்தது, என்று பேனாவை எடுத்தேன். பேனா நகரவில்லை. இந்த பூத்தில் ஓட்டுக் குறைந்தால் முனியராஜின் பதவி போகும் என்று ஊரே பேசுகிறது. தனக்கு எதிராக விழுந்த ஓட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதை அடுத்தவன் பார்க்காமல் மூடினானே, அவன் பதவி. ஸ்கூட்டர் இப்போது கணக்கிலேயே இல்லை. அதை நானே தாளைக் கையில் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். பென்ஷன் இல்லை, கார்டு இல்லை, எதுவும் பிடித்து இழுக்கவில்லை. அவன் திரும்பி நின்ற விதம் மட்டும் இழுக்கிறது. அடே, தேர்தலில் நிற்கிறது அவன் இல்லையே, தோளில் கை வைத்துப் பொய் சொன்னவரல்லவா நிற்கிறார் என்று எனக்குள்ளேயே ஒருத்தன் கத்தினான். அவன் சொல்வது நியாயம். மகேஸ்வரி பெஞ்சில் அழுததும் நியாயம். அதெல்லாம் தெரிந்துகொண்டே கை இரண்டாவது வரிக்குப் போனது. பழக்கத்தில் போகவில்லை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ரொம்ப மெதுவாகப் போனது. டிக் போட்டேன். போட்ட பிறகு, இது மரியாதையா, இல்லை உள்ளே இன்னும் ஒளிந்துகொண்டிருக்கிற ஸ்கூட்டர் ஆசை தனக்கு வைத்துக்கொண்ட நல்ல பேரா என்று கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தன்னைக் கேட்டாலும், யோசித்துத்தான் போட்டேன் என்கிற அதே பதில்தான். ஒன்று மட்டும் தெரிந்தது, இந்த டிக்கை வைத்து நான் வண்டி வாங்கக் கூடாது.

உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். மேடம் பெட்டியைப் பூட்டினார், வீடியோகாரர் ஒயரைச் சுருட்டினார், போலீஸ்காரர் அட்டையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேசை பழையபடி மேசையானது. முனியராஜ் அப்போதுதான் திரும்பினான். "முடிஞ்சுதாண்ணே?" "முடிஞ்சுது." என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் கிடந்த மிக்ஸியைப் பார்த்தான். ஃபைலைப் பற்றி, முடியட்டும் என்பது பற்றி, ஒன்றும் சொல்லவில்லை. அவன் மனசில் நான் இனி எப்போதும் நாலாவது வரிதான். ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு அவன் பூத்துக் கணக்கைப் பார்த்துக் கைவிட்டவர்களை எண்ணும்போது முதல் ஆளாக என்னை எண்ணுவான். ஒரே ஒரு சொல் போதும். முனியா, மாத்திப் போட்டேன்ப்பா. சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், நாளைக் காலையில் முதல் வேலையாகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பான் என்றும் தெரியும். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்ன நிமிடத்தில் அது விலை பேசினது ஆகிவிடும், அவனுக்கும் அப்படித்தான் படும், எனக்கும் அப்படித்தான் படும். செருப்பை மாட்டிக்கொண்டு, ஏதோ நான் சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்தவன் போலக் கொஞ்சம் நின்றான். "வெயிலா இருக்கு, பாத்துப் போ," என்றேன். "சரிண்ணே." அவன் சந்து முனையில் திரும்புகிற வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.